தாழ்ப்பாளில் தொடங்கிய துப்பாக்கி

எதையும் செய்து காட்டி விளக்கும் பழக்கமுள்ளவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகக் கூடாது. விழுப்புரத்தில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்த நான், அந்த வாரம் துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் 'போல்ட்' பிறந்த கதையை எழுதி முடித்திருந்தேன். (படித்தவர்கள் இருவர்: நானும் பிழை திருத்துபவரும்.)

திண்டிவனம் பேருந்திலேயே அம்மா எச்சரித்தார். "ரெண்டு எடம் உன் வாயாலதான் போச்சு. இந்தத் தபா சும்மா குந்திக்கினு இரு. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பேசி முடிச்சிடணும்."

பெண் வீட்டில் சும்மாதான் இருந்தேன், மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரியான பெண்ணின் அப்பா மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்கும் வரை. "பேப்பர்ல என்னா தம்பி எழுதுறீங்க?"

"முன்னெல்லாம் சிப்பாய் நின்னுக்கினு, துப்பாக்கிக் குழாய் வாயில மருந்த இடிச்சி ரொப்பணும் சார். ஜெர்மனியில பூட்டு செய்றவரு பையன் ஒருத்தரு, பின்பக்கமா தோட்டாவப் போட்டு, தாழ்ப்பாள் மாதிரி தள்ளித் திருப்பி மூடறாப்புல பண்ணாரு. வாங்க, காட்டறேன்."

பக்கத்து அறைக் கதவின் உட்புறம் பழைய இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். தள்ளினேன். பிடியைக் கீழே திருப்பினேன். சுடும்போது போல்ட் பின்னால் தெறிக்காமல் இருப்பது இந்தத் திருப்பலால்தான் என்றேன். மறுபடி மேலே திருப்பியபோது பிடி மட்டும் கையோடு வந்தது.

"தொறங்க தம்பி."

"இப்படி அசையாம நிக்கிறதுதான் சார் இந்த டிசைனோட பலமே."

"பலம் இருக்கட்டும்பா. மணி என்னா?"

நாலேகால். தச்சரைத் தேடி ஆள் போயிருந்தது. கதவுக்கு வெளியே அம்மா மூக்கை உறிஞ்சினார். மூன்றாவது இடமும் போயிற்று என்று பொருள்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பெண் வந்து நின்றாள். பட்டுப்புடவை, கையில் காபி. டம்ளர் கம்பிக்குள் நுழைந்தது, டபரா நுழையவில்லை. ஆற்ற வழியின்றிக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தேன். பெண் பார்க்கப் போன என்னை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தை, எனக்குச் சம்மதம்" என்று அம்மாவிடம் குரல் கொடுத்தாள். "இவரு உள்ளயே இருக்கட்டும், அப்பாவ மட்டும் ஜல்தி வெளிய எடுங்க."

இன்று அவள் என் மனைவி. வீட்டுக்கு வருகிற யாராவது, "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல எங்க பாத்துக்கினீங்க?" என்று கேட்டால் அவளே முந்திக்கொள்வாள்: "நான் பாக்கப் போனப்ப இவரு கம்பிக்குப் பின்னாடி இருந்தாரு." சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். மிச்சத்தை நான்தான் விளக்க வேண்டும். "அது ஒரு துப்பாக்கி விஷயம்" என்று தொடங்கும் என் விளக்கம் இதுவரை யாரையும் சமாதானப்படுத்தியதில்லை.