கம்ப்யூட்டருக்கு ‘சரி’ சொன்ன கதை

யாராவது மரியாதையாக ஒன்றைக் கேட்டுவிட்டால் எனக்கு மறுக்க வராது. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை சோறு வேண்டுமா என்றாலும் இலையைக் காட்டிவிடுவேன். (வயிறு அதற்குச் சாட்சி.) இந்தக் குணத்தால் ஒரு கம்ப்யூட்டரிடம் மானத்தை இழந்தவன், தென்காசி வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தென்காசியில் திறக்கப்போகும் புதுக் கடையை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் கோமதியைக் கட்டியிருந்தேன். (அவள் அப்பாவும் அதை நம்பித்தான் பெண் கொடுத்தார்.)

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. “உனக்குத்தான்லே இதெல்லாம் தெரியும், நீயே போடு” என்றார் அண்ணாச்சி. ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற உட்கார்ந்தேன். முதலில் இமெயில் முகவரி கேட்டது. அண்ணாச்சிக்கு ஏது? என்னுடையதைக் கொடுத்தேன். பிறகு வரிசையாகக் கேள்விகள். நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? போனில் எடுக்கும் படங்களை இங்கேயும் கொண்டுவரலாமா? சும்மா இருக்கும்போது அவற்றைத் திரையில் காட்டலாமா? ஒவ்வொன்றின் கீழும் ‘வேண்டாம்’ என்ற பொத்தானும் இருந்தது. இவ்வளவு பணிவாகக் கேட்கிறதே என்று எல்லாவற்றுக்கும் ‘சரி’ கொடுத்தேன். படிக்காமல் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அந்த ஆனியில் சாரல் விழுந்தது. சாரல் விழுந்ததும் காய்ச்சல் வருவதும், தூரத்துப் பெரியப்பாக்கள் இறப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமாகி முதல் சீசன் என்பதால் கோமதி குற்றாலம் போயே ஆகவேண்டும் என்றாள். பெரியப்பாக்களை ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தேன். காலையில் இருமிக்கொண்டே போன் செய்தேன்.

“அண்ணாச்சி, காய்ச்சல் அனலா அடிக்கு. எந்திரிக்கவே முடியல.”

“ரெஸ்ட் எடுலே” என்றார் பாசமாக.

பதினொரு மணிக்கு ஐந்தருவி ஓரத்தில், ஒரு சிறிய துண்டோடும் உடம்பெல்லாம் வழியும் எண்ணெயோடும், மசாஜ் செய்கிறவர் கையில் புரோட்டா மாவாகக் கிடந்தேன். கோமதி என் போனில் சளைக்காமல் படம் எடுத்தாள். மத்தியானம் அண்ணாச்சி கூப்பிட்டார். அருவிச் சத்தம் கேட்காத தூரத்துக்கு ஓடிப்போய் (பஜ்ஜியோடுதான்) எடுத்தேன்.

“காய்ச்சல் எப்படிலே இருக்கு?”

“போர்வைக்குள்ளதான் கெடக்கேன் அண்ணாச்சி.”

“போர்வை ரொம்பச் சின்னதால்லா இருக்கு. முதுகுல இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்க்கச் சொல்லு.”

பின்னால் கடையே சிரித்தது. வியாபாரிகள், லோடுமேன்கள், டெம்போ டிரைவர்கள் என்று எல்லோரும் காலையிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். புதுக் கடை போயிற்று, மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனையில் கையிலிருந்த பஜ்ஜி மறந்துபோயிற்று. அதைக் கோமதி வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் தலையைக் குனிந்தபடி போனேன். “இதை இப்பவே நிப்பாட்டிருதேன் அண்ணாச்சி” என்று மவுஸைத் தொட்டேன்.

“கைய எடுலே. நீ தென்காசிக் கடைக்குப் போன பெறவு, எங்கன இருக்கேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? இது இப்படியே இருக்கட்டுமா?”

மரியாதையாகக் கேட்டார். சரி என்றேன்.

கடையும் நானும் இன்று சந்தோஷமாகவே இருக்கிறோம். வீட்டில்தான் குற்றாலம் என்ற பெயரே வழக்கொழிந்துவிட்டது. “அப்பா, ஞாயித்துக்கிழமை நமக்குக் காய்ச்சலா?” என்றுதான் மகள் கேட்பாள்.

போன மாதம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். அண்ணாச்சி நம்பட்டும் என்று தெர்மாமீட்டரைப் படம் எடுத்தேன். அதை அனுப்புவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

“பாத்துட்டேன்லே. அருவியில தண்ணி வரலையோ?”