தலைச்சன் ஆராய்ச்சி

"இந்த வூட்டுல தலைச்சன் புள்ள எதுங்க?" என்று கஸ்பார் கேட்டானோ இல்லையோ, கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசையும் கேட்டது. அந்தத் தெருவில் அவன் மூக்குக்கு நேரே சாத்திய கதவுகளை எண்ணுவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான்.

கஸ்பார் தருமபுரிக்காரன். சென்னையில் எம்.எட். படிக்கிறான். குழந்தைகளின் மனவளர்ச்சிதான் அவன் எடுத்துக்கொண்ட பாடம். 'தலைச்சன் பிள்ளைகளுக்குப் பயம் அதிகமா?' என்பது ஆராய்ச்சி. அதற்கு முப்பது தலைச்சன் பிள்ளைகளை நேரில் பார்த்துக் கேள்வி கேட்டாக வேண்டும். பிள்ளைகள் கிடைக்காவிட்டால் பட்டமும் கிடையாது என்று பேராசிரியை கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். பட்டத்தை நம்பி ஒரு காலேஜ் வேலை, வேலையை நம்பி ஒரு கல்யாணம். கம்பைநல்லூருக்குப் பக்கத்திலிருந்த இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை என்று பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டு இறங்கியிருந்தான்.

பஞ்சமில்லைதான். ஆனால் தெருவில் ஒரு குஞ்சு குளுவானைக் காணோம்.

புது ஆளைக் கண்டு கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான் என்று தேற்றிக்கொண்டான். பாடப் புத்தகத்தில் அதற்கு வழி இருந்தது: குழந்தைக்குப் பிடித்ததைக் கொடுத்துப் பழகு. பெட்டிக்கடையில் கை நிறைய ஆரஞ்சு மிட்டாய் வாங்கி, கோயில் பக்கமாக நின்று நீட்டினான். எங்கிருந்தோ இரண்டு சிறுமிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யய்யோ, மிட்டாய் குடுக்கறான்டியோவ்! புள்ளைங்கள உள்ள இழுங்கடி!"

கூக்குரல் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. சிறுமிகள் மாயமானார்கள். கஸ்பார் மிட்டாயைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பச்சியப்பன் டீக்கடைக்குள் நுழைந்தான். கடைக்காரர் பச்சியப்பன் எட்ட நின்றபடியே கையை நீட்டிக் கிளாஸை வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஆத்துல பாலம் கட்டறாங்களே, பாத்தீங்களா? நடுத்தூணு ரெண்டு தரம் சாஞ்சிருச்சு. தலைச்சன் ஒண்ணக் காவு குடுத்தாத்தான் நிக்கும்னு ஊரெல்லாம் பேச்சு. இந்த நேரத்துல வந்து வூடு வூடாத் தலைச்சன் கேட்டா எப்படீங்க?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அல்லவா இருக்கிறது!

"எனக்கும் பாலத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க! நான் கவர்மெண்டு காலேஜுல இருந்து வரேன்."

"பாலமும் கவர்மெண்டுதானுங்க கட்டுது."

திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் கையில் அரிவாள். கரும்புக் கொல்லையிலிருந்து நேரே வந்தவர்கள்தான் என்றாலும் கஸ்பாருக்கு அந்தச் சமயத்தில் கரும்பு ஞாபகம் வரவில்லை. கேள்விகளை வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று பட்டது.

"புள்ளைங்ககிட்ட நான் என்ன கேப்பேன்னு நீங்களே கேட்டுப் பாருங்க. 'இருட்டில் தனியாக நிற்கப் பயமா? ஆழமான குழியைக் கண்டால் பயமா? ஆற்றுத் தண்ணீர் கழுத்துவரை வந்தால்...'"

அதற்கு மேல் வாசிக்க விடவில்லை.

"குழிக்குள்ள எறக்கறதுக்கு ஒத்திகை பாக்கறான்டா!"

ஒருவன் பிடித்து இழுத்த இழுப்பில் கஸ்பாரின் தோள்பை அவிழ்ந்து, அளவு டேப் தரையில் ஓடிற்று.

"இது எதுக்குடா?"

"புள்ளைங்க உசரம் அளக்கறதுக்குங்க."

"தூணுக்குள்ள அடங்குமான்னு பாக்கவா?"

மாரியம்மன் கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஊர்க்கவுண்டர் குப்புராஜ் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கஸ்பார் அந்தோணியாரையும் கூப்பிட்டான், எதற்கும் இருக்கட்டும் என்று எதிரே இருந்த மாரியம்மனையும் பார்த்து வைத்தான். கல்யாணம் போனால் போகட்டும், உயிர் மிஞ்சினால் போதும் என்றிருந்தது. உயிர்ப்பயத்தில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஐயா, என் பேச்சக் கேளுங்க! நானே தலைச்சன்தாங்க! எங்கம்மாவுக்கு நான்தான் மூத்தவன். இன்னொருத்தி பெத்த தலைச்சனுக்கு நான் கெடுதல் நெனைப்பேனுங்களா?"

கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது.

"நெசமாவா?" என்றார் கவுண்டர். "உனக்கு முன்னால பொறந்து தவறுனது ஒண்ணும் இல்லயே?"

"மாதா சத்தியமா இல்லீங்க!"

கவுண்டர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் மெல்லத் தலையசைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த நிமிடம் கவுண்டரே கஸ்பாரின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"பாவம், படிக்கற புள்ள. பயப்படுத்திட்டோம். டேய், புள்ளைங்களக் கூட்டியாங்கடா!"

பெற்ற பாசத்தைத் தொட்டுப் பேசினால் கல்லும் கரையும் என்று கஸ்பாருக்குக் கண் கலங்கியது. பரணிலிருந்தும் நெல் குதிருக்குப் பின்னாலிருந்தும் தலைச்சன்கள் வந்து குவிந்தார்கள். முப்பது கேட்டவனுக்கு நாற்பது கிடைத்தது. எல்லாரையும் அளந்தான், கேட்டான், மிட்டாய் கொடுத்தான். இருட்டு, குழி, தண்ணீர் எதற்குமே பயமில்லை என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். தலைச்சன் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை! பேராசிரியை அசந்துபோவார்.

மத்தியானம் பச்சியப்பன் வீட்டில் அவனுக்குக் கோழி அடித்துக் குழம்பு. பச்சியப்பன் மனைவி செல்லி கேட்காமலேயே இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வாசலில் நான்கு பேர் மரியாதையாகக் காத்து நின்றார்கள்.

"ஏங்கக்கா, காலைல ஊரே நடுங்கிச்சு. இப்ப ஒருத்தர் முகத்துலயும் பயத்தையே காணமே?" என்று கஸ்பார் கோழிக்கால் எலும்பைக் கடித்தபடி பூரிப்போடு கேட்டான்.

செல்லி இன்னும் இரண்டு துண்டு எடுத்துப் போட்டாள்.

"இனிமே எங்களுக்கு என்னாங்க சார் பயம்? தூணுக்கு ஒரு தலைச்சன் போதுமாம். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க. நீங்க வயிறாரச் சாப்புடுங்க."