உச்சி அடுக்கில் இரண்டு கட்டங்கள்

2019 மார்ச் 11, திங்கட்கிழமை. அலெக்சாந்திரியாவின் குடிநீர் நிறுவனமொன்றில், கணினி அமைப்பை அடுக்குகளாகப் பிரித்து வரைந்த படத்தில் யார் மேலே, யார் கீழே என்ற சண்டையால் வேலையே நின்றுபோயிற்று. படித்தவர்கள் செய்யும் செயலா இது?

வரைந்தவள் அங்கே கணினிப் பொறியாளராக இருந்த நெர்மீன். வாடிக்கையாளர் பணி மேலே, அதன்கீழ் மென்பொருள், அதன்கீழ் தரவு, அடியில் அனைத்தையும் தாங்கும் சர்வர் இயந்திரங்கள். அடுத்த மாதம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோகும் அவசரத்தில் சேர்மன் கெடு விதித்திருந்தார். வியாழனுக்குள் பிரிவுத் தலைவர்கள் கையொப்பமிடாவிட்டால் பணி வெளியாருக்குப் போகும். அவளுடைய வேலையும் போகும்.

சர்வர் பிரிவின் ருஷ்தி, மூட்டுவலியோடு மாடியேறி வந்தார்.

"பதினெட்டு வருஷம் உழைச்சவனை அந்த ஷவ்கியோட காலடியில போட்டுட்டியேம்மா!"

"தாங்குறது கீழதானே சார் இருக்கணும்?"

"அப்ப அவனைத் தாங்கச் சொல்லு!"

நெர்மீன் படத்தைத் தலைகீழாக்கினாள். வாடிக்கையாளர் பிரிவின் ஷவ்கி, பெருத்த உடம்பைச் சுமந்து மூச்சுவாங்க வந்தார்.

"பில் போடுறவன் நான். ருஷ்தி என் தலைமேல உக்காந்து சீஷாப் புகை இழுப்பானா?"

செவ்வாயன்று அடுக்குகளைப் பக்கம்பக்கமாக நிறுத்தினாள். அரபியை வலமிருந்துதானே படிப்பார்கள்? முதலிடமான வலது ஓரத்துக்கு இருவரும் மல்லுக்கு நின்றனர். புதனன்று வட்டமாக வரைந்தாள்.

"நடுவுல யாரு?" என்றனர் இருவரும் ஒரே குரலில்.

"இந்த ஒரு விஷயத்துலதான் ரெண்டு பாஷாவும் ஒத்துப்போறீங்க," என்றார், மரியாதைக்காகப் பெரியவர்களைப் 'பாஷா' என்றே அழைக்கும், தேநீர் கொண்டுவந்த ஃபர்கலி.

வியாழன் காலை, நான்கு அடுக்குகளுக்கும் மேலே 'மேற்பார்வை' என ஐந்தாவதை நெர்மீன் புகுத்தினாள். அதில் அளவுகோல் வைத்து அளந்த இரண்டு சமக் கட்டங்கள். ஒன்றில் ருஷ்தி, மற்றதில் ஷவ்கி. அடி அடுக்கின் பொறுப்பாளராகத் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

இருவரும் அளந்து பார்த்தபின்னரே கையொப்பமிட்டனர்.

"நீ எங்கம்மா இருக்கே?" என்றார் ஷவ்கி.

"எல்லாத்துக்கும் அடியில, சார்."

"பாவம்!" ருஷ்தி சிரித்தார்.

நண்பகலில், சேர்மன் அறையிலிருந்து காலிக் கோப்பைகளோடு ஃபர்கலி அந்த இருவரிடமும் வந்தார்.

"சேர்மனுக்குப் படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, பாஷா. புது அஞ்சு மாடிக் கட்டடத்துல யாருக்கு எந்த மாடின்னு அதைப் பாத்தே எழுதிட்டாரு. லிஃப்ட் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமாம்."

வாசகரே, உங்கள் அலுவலகத்தில் மேலிடம் கேட்குமுன், படிகளை எண்ணிவிட்டு வாருங்கள்.