இரண்டு மிஷினும் உன் காதும்

என் அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம். அங்கே நீ, மகள், மாப்பிள்ளை, முக்கியமாகப் பேரன், எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அவனுக்குப் பல் முளைக்கிறவரை இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாய். முளைத்த பல்லால் மாப்பிள்ளையின் செருப்பைக் கடிக்கிறான் என்று மகள் சொன்னாள். நல்லது. அவசரமில்லை, நிதானமாக வா.

எழுதவந்த விஷயம் வேறு. நம் மரம் அறுக்கிற மிஷின் போய்விட்டது. பெட்ரோலில் ஆயில் கலந்து வைப்பது எப்போதும் நீதானே, நான் கேனைத் தூக்கி ஊற்றிக்கொண்டு கிளம்பியே பழகியவன், கேனுக்குள் ஆயில் தானாக வந்து சேராது என்பது பிஸ்டன் கருகிச் சிக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மெக்கானிக் மொட்டையிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வைத்தியமே இல்லண்ணே. அண்ணி ஊர்ல இல்லையா?" என்றான்.

அவனே ஒரு பழைய மிஷினைக் காட்டினான். சைலன்சரைக் குடைந்து, கார்புரேட்டரை மாற்றி, என்னென்னவோ கைவேலை பார்த்திருக்கிறான். ஒரே இழுப்பில் கிளம்பியது, பெரிய கட்டையை நான் மூச்சு விடுவதற்குள் அறுத்துத் தள்ளியது, ஆனால் செயினை நிறுத்துகிற பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது, மிஷினைக் கீழே வைத்த பிறகும் கை ஆடிக்கொண்டே இருந்தது, அவன் கொடுத்த டீயில் பாதி என் சட்டைக்குத்தான். சரி, புதுசையும் பார்ப்போம் என்று கடைக்குப் போனேன். சத்தம் குறைவு, கை அதிரவில்லை, பிரேக்கைத் தொட்டதும் நிற்கிறது, காற்றையும் பெட்ரோலையும் அதுவே அளந்துகொள்ளுமாம். கோளாறு வந்தால் மட்டும் மொட்டை கை வைக்கக்கூடாதாம், கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டுமாம். "இதுல ஆயில் கலக்கணுமா?" என்று கேட்டேன். "கலக்கணும் சார்" என்றார் கடைக்காரர். "அதையும் அதுவே பாத்துக்காதா?" என்றேன். அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

இத்தனை வருஷமாக அடுப்படியில் நின்றபடியே, "என்னங்க, மிஷின் காத்து அதிகமா இழுக்குது, நிறுத்துங்க" என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தது நீ. அதனால்தான் மொட்டையின் பட்டறையிலும் கடையிலும் போன் போட்டு உன்னைக் கேட்க வைத்தேன். நான் போனைப் பக்கத்தில் வைத்து மிஷினை முழு வேகத்தில் முறுக்குகிறேன், நீயோ, "ஒண்ணுமே வரல, நீங்க கத்துறதுதான் கேக்குது" என்கிறாய். இந்தக் காலத்துப் போன் இரைச்சலையெல்லாம் வடிகட்டிவிட்டுப் பேச்சை மட்டும் அனுப்புமாம். அதைத் தெரிந்துகொள்வதற்குள் கடைக்காரர் என்னைத் தெருவில் போய்க் கத்தச் சொல்லிவிட்டார்.

ஆகவே நீ நேரில் வந்து கேட்டால்தான் ஆகும். பழையதை மொட்டை எனக்காக எடுத்து வைத்திருக்கிறான். ஒரு நாள் வந்து இரண்டையும் கேட்டுச் சொல்லிவிட்டு, வேண்டுமானால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடு, நான் தடுக்கமாட்டேன். மிஷின் ஓடாத வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. "என்னங்க" என்று ஒரு குரல் வராதா என்று காது ஏங்கிப்போய்க் கிடக்கிறது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேரனுக்கு ஒரு முத்தம், கடிபடாமல் கொடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் மொட்டை வந்தான். பழைய மிஷினை வேறொருவர் வாங்கிப் போய்விட்டாராம். வேலை நிற்கக்கூடாதே என்று உடனே போய்ப் புதுசை எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் அறுக்கிறது. ஆகவே நீ வந்து கேட்டுச் சொல்ல இனி ஒன்றுமே இல்லை. இருந்தாலும் வா.