மண்டபம் பார்க்கப் போய்க் கைதான விவரம்

மேற்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி இன்னாசிமுத்து அவர்களுக்கு, சவுரிமுத்து மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் புண்ணியத்தில் நானும், மனைவி ஞானம்மாளும், மகள் ஷீலாவும் வீட்டில் சுகமாக இருக்கிறோம். ‘வீட்டில்’ என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். திண்டுக்கல்லில் தாங்களும், சகோதரி அருள்மேரியும், மாப்பிள்ளை சுகுமாரும் சுகம்தானே?

நேற்று மத்தியானம் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் தங்களைப் போனில் கூப்பிட்டு, என்னைக் கைது செய்திருப்பதாகச் சொன்னார் அல்லவா? அது உண்மைதான். ஆனால் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, கோர்ட்டு இல்லை, வேட்டிகூடக் கசங்கவில்லை. அப்பாடா என்று இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். தாங்கள் அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு கூப்பிடத் தைரியம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். ரிசப்ஷனுக்கு மண்டபம் பார்த்தாயிற்றா என்று தாங்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் இல்லையா, சரி, இன்றைக்குப் பார்த்தே விடுவது என்று நேற்றுக் காலையில் கிளம்பினேன், போனைச் சார்ஜில் போட்டவன் அப்படியே மறந்துவிட்டேன், பஸ் ஸ்டாப்புக்குப் போனால் ஒரு பஸ் நிற்கிறது, பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். “ஏம்மா, இது மண்டபம் பக்கம் போகுமா?” என்று கேட்டேன். “மண்டபத்துக்குத்தான் சார் போவுது, ஏறு!” என்றார் முன்னால் நின்ற ஒரு அம்மா. காக்கி உடுப்பில் ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பெண் கண்டக்டர்கள் வந்த பிறகு வயதானவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று மனம் குளிர்ந்துபோனேன். ஜன்னலில் கம்பி வலை இருந்தது, குழந்தைகள் கையை நீட்டாமலிருக்க ஏற்பாடு என்று நினைத்தேன். யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை, பெண்களுக்குத்தான் இலவசமாயிற்றே, ஆனால் நான் ஆண்பிள்ளை, அதிலும் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன், எனக்கு உடம்பு கூசிற்று. “எனக்கு ஒரு டிக்கெட் கொடும்மா” என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “பேரு சொல்லுங்க சார். அப்பா பேரு? அட்ரஸ்?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். புது முறை போலிருக்கிறது என்று நானும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

பஸ் நான் பார்க்க நினைத்த மண்டபத்து வாசலிலேயே நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் சமையல்கட்டு, கை கழுவும் இடம், மணமக்கள் நாற்காலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கேட்டைப் பூட்டிவிட்டிருந்தார்கள். “எங்க சார் கிளம்பிட்டீங்க?” என்றார் காவலுக்கு நின்றவர். “இன்னொரு மண்டபமும் பார்க்கணும்” என்றேன். “இன்னிக்கு இந்த மண்டபம் மட்டும்தான் சார்” என்றார். பஸ்ஸில் ஏறச் சொன்ன அம்மா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பெயர் ரத்தினபாய். “இன்னா சார், மெய்யாலுமே கல்யாணத்துக்கு மண்டபம் பாக்க வந்தியா? நாங்க ரோடு மறியல் பண்ணி அரெஸ்ட் ஆயிருக்கோம் சார்! தெருவத் தோண்டிப் போட்டுட்டு மூடவேயில்ல. நீ நல்லாப் பாத்துக்க, சாயந்தரம் வரிக்கும் டைம் கீது!” என்றார். மறியல் செய்பவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள் என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்பேன், என் தலையில் அது ஏறவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, வாரண்ட் காட்டாமல் போலீஸ் நம் சுண்டுவிரலைக்கூடத் தொட முடியாது என்று நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! நேரே சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரியிடம் போய், “வாரண்ட் எங்கேம்மா?” என்று உரக்கக் கேட்டேன். பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை. “சார், சில விஷயத்துக்கு வாரண்ட் இல்லாமலே கைது பண்ணச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா என்ன காரணம்னு உங்ககிட்ட சொல்லணும், சொல்றேன், சாலை மறியல். வக்கீலப் பாக்கணும்னா பாக்கலாம். மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தாம ஒரு நாளைக்கு மேல வெச்சிருக்க முடியாது. சொந்தக்காரங்க ஒருத்தருக்குத் தகவல் சொல்லியாகணும். யாருக்குச் சொல்லட்டும்?” என்றார். “நான் மறியலே பண்ணலையேம்மா, வரிசையிலதானே நின்னேன்!” என்றேன். “நீங்களா ஏறி, நீங்களா பேரு குடுத்திருக்கீங்க சார். மேல கணக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் எல்லாரோடயும் அனுப்பிடறேன். யாருக்குத் தகவல் சொல்லணும்?”

யாருக்கும் வேண்டாம், ரகசியமாகவே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஞானம்மாளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவள் பூசைக்காகப் போனைச் சைலண்டில் போட்டால் அடுத்த பூசை வரை அப்படியேதான் கிடக்கும். அதை விட்டால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தங்கள் நம்பர் ஒன்றுதான். சொன்னேன். ஸ்பீக்கரில் தங்கள் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போலக் கேட்டது, கோபத்தில் அப்படி ஆகியிருக்கும். “சம்பந்தியா? சவுரிமுத்துவா? எனக்கு அப்படி யாரும் கெடயாதும்மா, ஆள விடுங்க” என்று வைத்துவிட்டீர்கள்.

நான் தங்களைக் குறை சொல்லவில்லை. இராயப்பரே இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தவர், தாங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டீர்கள். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது சம்பந்தி. ரத்தினபாய்தான் ஓடி வந்து, “என் பேரப் போட்டுக்கோம்மா, நான் சாருக்குச் சொந்தம்!” என்றார். “நீயே உள்ளதானே இருக்க, உன் வூட்டுக்கே நான் தகவல் சொல்லணும்” என்றார் சாமுண்டீஸ்வரி. அப்புறம் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லும்போது, தயவுசெய்து தாங்கள் எழுந்து நிற்க வேண்டாம். என் அசட்டுத்தனத்துக்கு ஷீலா என்ன செய்வாள்? சுகுமார் பெயரைச் சொன்னாலே அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

மண்டபம் நல்ல மண்டபம். காற்றோட்டம் உண்டு. ஒரு கழிவறைக்கு மட்டும் தாழ்ப்பாள் சரியில்லை. கோஷம் போட்டுப் பார்த்ததில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிறது. சகோதரி அருள்மேரிக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர். ஆண்டவர் நம் இரண்டு குடும்பங்களையும் சேர்த்தே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
சவுரிமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தாங்களே கூப்பிட்டீர்கள். மண்டபம் பார்த்தாயிற்றா என்றீர்கள். நேற்று யாராவது போன் செய்தார்களா என்று கேட்டேன். “யாரும் பண்ணலையே, ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? ஒடம்பு சரியில்லையா? கிளம்பி வரட்டுமா?” என்றீர்கள். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். ஷீலா நம்பரைச் சரிபார்த்தாள். தங்களுடையது 47 என்று முடிகிறது, நான் 74 என்று சொல்லியிருக்கிறேன். என்னைத் தெரியாது என்றவர், நியாயமாகவே என்னைத் தெரியாதவர். இராயப்பரைப் பற்றிய வரியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சம்பந்திக்குத்தான் ஒன்றும் தெரியாதே, கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்கிறாள் ஞானம்மாள். கிழிக்கத்தான் எடுத்தேன். ஆனால் சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் போயாக வேண்டும் என்பது சட்டம். சொந்தக்காரர் யார் என்று கேட்டபோது, இரண்டு எண் இடம் மாறினாலும், என் வாயில் வந்தது தாங்கள்தான். ஆகவே சவுரிமுத்து கைது செய்யப்பட்டார் என்பதை இதன் மூலம் தங்களுக்குச் சட்டப்படி தெரிவித்துக்கொள்கிறேன்.