கேத்தலுக்கு வந்த புற்றுநோய்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு லய வீடுகளின் வரிசையில் ஓர் அடுப்பும் எரியவில்லை. சேவல் கூவியது. கேட்கத்தான் ஆளில்லை. ஊரே வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் நின்றது. வேலை நாளில் கங்காணி தொண்டை கிழியக் கத்தினாலும் பிந்தி வந்து பேர் கொடுக்கிற சனம், அன்றைக்கு விடியுமுன்னே வரிசை பிடித்துவிட்டது. கொஸ்லந்தையிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள். வெலிமடையிலிருந்து வந்த மரக்கறி வேனில் லீக்ஸ் மணம் இன்னும் போகவில்லை. என்ன, சம்பளம் கூட்டப் போகிறார்களோ என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கெல்லாம் இவ்வளவு நம்பிக்கையோடு யாராவது வருவார்களா? மூச்சுவாங்கிச் சாமி அல்லவா வருகிறார்!

நோயாளியின் கெட்ட மூச்சைத் தான் வாங்கிக்கொள்வதால் அந்தப் பெயராம். பெரட்டுக்களத்துப் படியேறி வந்தபோது அவருக்கு வாங்கிய மூச்சைப் பார்த்தால், பெயருக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றும். கழுத்தில் உருத்திராட்சம், அதற்கு மேலே ஒரு சிலுவை. கோயிலுக்குப் போகிறவர்களும் வரலாம், சேர்ச்சுக்குப் போகிறவர்களும் வரலாம். காணிக்கைக்கு ஏது மதம்?

வைத்தியம் ரொம்பச் சுலபம். ஒரு வாய் வெறுஞ்சாயம், அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, அதை வாயில் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். சாமி நெஞ்சில் கைவைத்து முணுமுணுப்பார். பிறகு அவர் விரிக்கிற துணியில் துப்ப வேண்டும். துப்பினால் துணி கன்னங்கரேல் என்று ஆகும். அதுதான் நெஞ்சுக்குள்ளே இருந்த நோயாம்.

"தேயிலைக் காட்டுல வந்த சீக்கு தேயிலையாலதான் போகணும்" என்பார் சாமி. "முள்ள முள்ளாலதானம்மா எடுக்கணும்!"

சனம் உச்சுக்கொட்டும். வைத்தியத்துக்குக் காசே இல்லை. துணிக்கு மட்டும்தான் காணிக்கை. துணியை நாமே கொண்டுபோகலாமா என்றால், கூடாது. அது மந்திரித்து, மஞ்சள் தெளித்து, உலர்த்திய துணி. அந்த லேசான மஞ்சள் நிறமே அதற்குச் சாட்சி.

வரிசையின் முன்னால் நேசராணி நின்றாள். ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்தவள். போன வருசம் இருமல் நிற்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு, நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து ஊர் அவளைக் கேட்ட முதல் கேள்வி, "நீ சுருட்டு குடிப்பியா?" ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை அவள். ஊர் நம்பவில்லை. இரண்டாவது வேலையாக, அவள் குழாயடிக்கு வந்தால் தண்ணீர் பிடிக்காமல் தள்ளி நின்றது. ஒட்டிக்கொள்ளுமாம்.

தள்ளி நிற்காதவன் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அழகையா ஒருவன்தான். கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குச் சீவுகிற ஆள். எருமை மாதிரி உடம்பு, வெண்ணெய் மாதிரி மனசு. அந்த மனசுதான் சாமியைத் தேடிப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்து வந்தது.

"துப்புங்க அக்கா, நல்லா துப்புங்க!" என்று அவன் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினான்.

நேசராணி துப்பினாள். துணி கறுத்தது. கூட்டம் "ஆத்தாடி!" என்றது.

"பாத்தியா தாயி? இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம. முழுசாப் போயிரும்" என்றார் சாமி. "ஆனா இடையில இங்கிலீசு மருந்து ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் பொறுப்பில்ல."

போயிரும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நேசராணி காதுத் தோட்டைக் கழற்றித் துணிக்குக் காணிக்கையாக வைத்தாள். பதுளை டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே! "அடங்கிக்கிட்டு வருதும்மா, நல்லா அடங்கிக்கிட்டு வருது. மருந்த விட்றாதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். உண்மை பேசுகிறவனிடம் எப்போதும் ஒரு சொல் குறைவாகத்தான் இருக்கும். பொய் சொல்கிறவனிடம் கேட்கிற சொல்லெல்லாம் கிடைக்கும்.

வியாழக்கிழமை மருந்து ஏற்றுகிற நாள். நேசராணி பதுளைக்குப் போனாள். மருந்துக்கு அல்ல, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வர. சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிடுவது மரியாதை இல்லையே.

கிளினிக் வாசலில் ஒரு நீள மர வாங்கு. அதில் வழக்கமாக உட்காருகிற கூட்டம் ஒரு தனிக் குடும்பம். யாருக்கு வாந்தி வரும், யாருக்கு வாய் புண்ணாகும், யாருக்கு எலுமிச்சங்காய் வேண்டும் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் அத்துப்படி. அந்த வாங்குக்கு ராணி, வெலிமடை றஷீனா. அவளுக்கும் இதே நோய்தான். மருந்தில் தலைமுடி கொட்டியபோது, "சீப்பு வாங்குற செலவு மிச்சம்" என்று சொல்லி நர்சையே சிரிக்கவைத்தவள்.

நேசராணி சங்கதியைச் சொன்னாள். றஷீனா சிரிக்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு மிடறு குடிப்பதற்குள் நேசராணிக்கு இருமல் வந்துவிட்டது. வெள்ளைக் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினாள். எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்குறீங்க அக்கா?"

"கறுப்பா வரலியே."

"தேத்தண்ணி என்னத்துக்குக் கறுப்பா வரும்?"

"அன்னைக்கு வந்துச்சே, புள்ள. கரி மாதிரி."

"அப்ப ஒங்கட நெஞ்சில ஈக்கிற நோய் ஒங்கட லேஞ்சிக்கு வராது, அவர்ட துணிக்கு மட்டும் வருமா? சரியான பெருமை பிடிச்ச நோய்தான்!"

"கேலி பண்ணாத றஷீனா." நேசராணிக்குக் கோபம் வந்தது. நல்ல கனவில் இருப்பவளை உலுக்கி எழுப்பினால் வருகிற கோபம். "போயிரும்னு அவரு ஒருத்தருதான் சொன்னாரு."

றஷீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் கேக்க ஆசதான் அக்கா. நானும் இதே வாங்கிலதான் குந்திக்கிட்டு ஈக்கிறேன். போயிரும்னு ஒருத்தன் சொன்னா நானும் காதுத் தோட்டக் கழட்டுவேன். ஆனா பாத்துட்டுக் கழட்டுவேன். ஞாயித்துக்கெழம நானும் வாறேன்."

மருந்தைத் தள்ளிப்போடக் கேட்டதற்கு நர்ஸ் முகம் சுளித்தாள். "திங்கக்கெழமைக்கு மேல ஒரு நாளும் தாங்காது, சொல்லிட்டேன்" என்றாள். ஆக, நேசராணிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதற்குள் முடிவு செய்ய வேண்டும்: சாமியின் துணியா, டாக்டரின் ஊசியா? தப்பாக முடிவு செய்தால், திரும்பி யோசிக்க அவளுக்கு நெஞ்சில் மூச்சு இருக்காது.

ஞாயிறு வந்தது. கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. றஷீனா முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, படிக்கட்டில் நின்று நின்று ஏறி வந்தாள். சாமி துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய கேத்தல் நிறையச் சாயம் ஆவி பறந்தது. அதைக் காய்ச்சியது அழகையாவின் வீட்டு உபயம்.

நேசராணி முன்னால் போனாள். "சாமி, துப்புறதுக்கு முன்ன ஒரு சந்தேகம்."

"சந்தேகந்தான் தாயி மொத சீக்கு!"

"அதையும் துப்பிருவோம் சாமி" என்றாள் றஷீனா. "நோய் உள்ளவங்க துப்பினா கறுக்கும். சரி. நோயே இல்லாத ஒருத்தர் துப்பினா வெள்ளையாத்தானே ஈக்கணும்? ஒருக்கா பாப்பமே."

கூட்டம் அழகையாவைப் பார்த்தது. காய்ச்சல்கூட வெட்கப்பட்டு ஒதுங்கிப்போகிற உடம்பு அது.

"அதுக்கென்னா!" என்று அவன் மார்பைத் தட்டிக்கொண்டு வந்தான். ஒரு வாய் சாயத்தைக் கொப்பளித்து, ஊருக்கே கேட்கத் துப்பினான்.

துணி கன்னங்கரேல் என்று கறுத்தது.

அழகையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, எனக்குமா!" அவன் பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டாள். அதுவரை முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த நாலு பேர் டக்கென்று தள்ளி நின்றார்கள்.

சாமி அசரவில்லை. "பாத்தீங்களா? உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்த சீக்கு! எல்லாரும் துப்பிப் பாக்குறது நல்லது. வரிசையா வாங்க!" என்றார்.

அடேயப்பா! கேள்வி கேட்டால் ஆளையே நோயாளியாக்கிவிடுகிற வைத்தியம் இது. நெஞ்சு நோயாளிகள் கொஞ்சப் பேர் வந்த இடத்தில், கால் மணி நேரத்தில் பெரட்டுக்களம் முழுக்கப் புற்றுநோய். துணி போதாமல் சாமி பையைத் துழாவினார். 

நேசராணி மட்டும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. கேத்தலையே பார்த்தாள். எல்லாரும் கொப்பளித்தது அதிலிருந்துதான். அவள் போய் அதைத் தூக்கினாள். கனத்தது, மூச்சிரைத்தது, தூக்கிவிட்டாள். சாமி விரித்து வைத்திருந்த புதுத் துணிக்கு நேராகக் கேத்தலின் மூக்கைச் சாய்த்தாள்.

"ஏய், ஏய்! என்னா செய்யிற?"

சாயம் துணியில் விழுந்தது. வாய் படவில்லை, நெஞ்சு படவில்லை, மந்திரம் படவில்லை. துணி கரியாகக் கறுத்தது.

முன்னால் நின்றவர்கள் துணியை எட்டிப் பார்த்தார்கள்.

"சாமி" என்றாள் நேசராணி, மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க அழகையா வீட்டுக் கேத்தலுக்கு எந்தப் பக்கத்து நுரையீரல்ல கேன்சருங்க?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் சட்டென்று எல்லாருக்கும் தொற்றியது.

"தேயிலையிலயே சீக்கு! இந்தத் தோட்டத்துத் தேயிலையே—" என்று சாமி இழுத்தார்.

"அப்பிடியா?" றஷீனா தன் லேஞ்சியை விரித்தாள். "இதிலயும் ஊத்துங்க அக்கா." ஊற்றினாள். பழுப்பாக ஒரு தேத்தண்ணிக் கறை. நேற்றும், முந்தாநாளும், உலகம் உண்டான நாள் முதலும் தேத்தண்ணி பட்டால் ஆகிற அதே கறை.

தரையில் கிடந்த அழகையா மெல்ல எழுந்தான். கறுத்த துணியை மோந்து பார்த்தான். பிறகு இடுப்பில் இருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிப் பார்த்தான். கூட்டம் பயந்து விலகியது. அவன் வெட்டப் போகவில்லை. அலகைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அட நாசமாப் போக! செடிய வெட்டுனா தெனமும் என் கத்தி கறுக்குதே. இரும்பும் தேயிலையும் பட்டா கறுக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்தத் துணியில இரும்புச் சத்து என்னமோ பூசிருக்கான்!"

பையைக் கவிழ்த்தார்கள். உருத்திராட்சம் உபரியாக ஒரு சரம், காணிக்கை, ஒரு பொட்டலம் அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுக்கிற அதே இரும்பு உப்பு. அதைக் கரைத்துத் துணியை நனைத்து உலர்த்தினால் லேசாக மஞ்சள் பூக்கும். மந்திரம் என்று சொன்னது அதைத்தான். கொழுந்துக் கறையில் விரல் கறுத்துப்போன முந்நூறு பேர் நின்ற இடத்தில், தேயிலை கறுக்கும் என்பதைக் காட்டியே ஒருவன் பிழைத்திருக்கிறான்! மற்ற மோசடிக்காரர்களின் சாயம் வெளுக்கும். இவருடைய சாயம் கறுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாமி படியிறங்கினார். இந்த முறை உண்மையாகவே மூச்சு வாங்க வாங்க. அடிவாரத்தில் அவரை ஏற்ற எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. யாரோ போன் போட்டு வரவழைத்த பொலிஸ் ஜீப் மட்டும் நின்றது.

எல்லாரும் சிரித்துக் கலைந்தபோது நேசராணி மட்டும் படியில் உட்கார்ந்து அழுதாள். கையில் தோடு திரும்பி வந்திருந்தது. 'போயிரும்' திரும்பி வரவில்லை.

"அடங்குதுன்னுதான் சொல்றாரு டாக்டர்" என்றாள்.

"அடங்குறது சின்ன விசயமா அக்கா?" என்றாள் றஷீனா. "என்னக் கட்டின மாப்புள்ளைய அடக்க எனக்கு இருவது வருசம் போச்சு."

நேசராணி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பதுளை பஸ்ஸில் நேசராணிக்குப் பக்கத்தில் அழகையா உட்கார்ந்திருந்தான். மருந்து ஏற்றிய பிறகு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டான். அடுத்த தடவைக்கு அவன் பெண்டாட்டி, அதற்கடுத்த தடவைக்குக் கீழ் லயத்து ரெங்கம்மா என்று குழாயடியில் முறை பேசியாகிவிட்டது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிகிறவரை அவன் வாங்கில் உட்கார்ந்து, துணைக்கு வந்திருந்த றஷீனா கொடுத்த வடையைத் தின்றான். டாக்டர் அந்தப் பக்கம் வந்ததும் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

"டாக்டர், எல்லாம் பொய்யின்னு தெரியும். இருந்தாலும் எனக்கும் கறுப்பா வந்துச்சு. ஒருக்கா வச்சுப் பாருங்களேன்."

டாக்டர் சிரிக்காமல் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார்.

"இங்க ஒண்ணுமில்ல" என்றார். பிறகு குழாயை அவன் நெற்றியில் ஒரு தரம் வைத்து எடுத்தார். "இங்கதான் கொஞ்சம் சத்தம் கொறைவாயிருக்கு. அடிக்கடி வேலை குடுங்க."

வாங்கு முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் கண்ணுகளா. ஆனால் டாக்டர் குழாயை உங்கள் நெற்றிப் பக்கம் கொண்டுவந்தால் என்ன கேட்கும் என்பதையும் ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள். யோசிப்பதற்கு எந்தச் சாமியின் துணியும் வேண்டியதில்லை.