பந்தய வாசலில் ஊற்றிய தண்ணீர்

பேரன்புள்ள அக்தர் அக்காவுக்கு,

உங்கள் இரு கைகளையும் முத்தமிட்டுத் தம்பி கொத்ரத் ஆஸ்திரியாவிலிருந்து எழுதுவது. எல்லோரும் நலம். என் மானத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நம் ஈரான் அணியில் பனிச்சறுக்க இரண்டே பிள்ளைகள், ஒரு பயிற்சியாளர், பலகைக்கு மெழுகு தேய்க்க நான். இந்தப் பருவத்தில் ஒருவர்கூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை. இன்றும் தொடாவிட்டால் அடுத்த வருஷம் அணியே கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. சியாமக் முந்தாநாள் விழுந்துவிட்டான், மிச்சம் என் மகள் தர்லான்தான். நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்களே, "அவ கிளம்புறப்போ பின்னாடி தண்ணி ஊத்துடா, பத்திரமா திரும்பி வருவா"ன்னு? நம்ம ஊர் ஷெம்ஷக் ஊற்றுத் தண்ணீரை, அவள் கிளம்பியதும் மலை உச்சியில் பந்தயம் தொடங்கும் வாசலிலேயே ஊற்றிவிட்டேன். ஊற்றிய தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்து, அடுத்து வந்த சைப்ரஸ் பெண் தெக்லா மல்லாக்க விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள்.

"என்னய்யா மருந்து ஊத்துன?" என்றார் நடுவர்.

"தண்ணிங்க. புள்ள திரும்பி வரணும்னு..."

"கீழ போற பொண்ணு எதுக்குய்யா திரும்பி மேல வரணும்?"

நம்ம பயிற்சியாளர் மனுசெஹர் தலையில் அடித்துக்கொண்டார். "கொத்ரத் அண்ணே, பந்தயத்த நீங்க நடத்துறீங்களா, உங்க அக்கா நடத்துறாங்களா?"

அதே நேரம் கீழே தர்லான், வழியில் சுற்றிப் போக வேண்டிய கம்பங்களில் ஒன்றைத் தவறவிட்டு நின்றிருந்தாள். அடுத்தவர் தாண்டிப் போகாதவரை மேலேறி வந்து அந்தக் கம்பத்தைச் சுற்றிப் போகலாம் என்பது விதி. அடுத்தவள்தான் இங்கே ஐஸ் சுரண்டும்வரை நிற்கிறாளே! என் மகள் மூச்சிரைக்க மேலே திரும்பி வந்தாள் அக்கா, கம்பத்தைச் சுற்றினாள், கோட்டைத் தொட்டாள். கடைசி இடம். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்னொரு தரம் தண்ணீரோடு மேலே வந்தால் அணியையே ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். அதனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெரிய கும்பிடு. இனி என்னிடம் தண்ணீர்ப் பேச்சே எடுக்காதீர்கள்.

நீங்கள் எங்களுக்காகக் காய்ச்சி ஊருக்கே கொடுத்த ஆஷ் கஞ்சி வீண்போகவில்லை. பிள்ளைகளுக்கு முத்தம், அத்தானுக்கு சலாம்.

உங்கள் தம்பி,
கொத்ரத்

பி.கு.: இப்போதுதான் தெக்லா கதவைத் தட்டினாள். திடுக்கிட்டுப் போனேன், சண்டைக்கு வந்தாளோ என்று. "மாமா, எங்க அணியில நான் ஒருத்திதான். நானும் இன்னும் கோட்டத் தொடல. அடுத்த வாரம் எனக்கும் ஊத்துவீங்களா?" என்கிறாள். ஊற்றுத் தண்ணீர் காலி. உடனே அனுப்புங்கள் அக்கா. பிளாஸ்க் மேல் 'தேநீர்' என்று எழுதிவிடுங்கள்.